மாடி வீட்டு வகுப்பு

மூன்று வீட்டுக்கும் நெட் ஒன்றுதான். அது நசீம் பானுவின் பேரில் இருந்தது.

நாகல் நகருக்குப் பின்னால், தண்ணீர் லாரி உள்ளே திரும்ப முடியாத ஒரு சந்தில், ஒரே காம்பவுண்டுக்குள் மூன்று குடும்பங்கள். முன்வீட்டில் பானு. அவள் தலைக்கு மேலே மாடியில் தீபா. துவைக்கிற கல்லைத் தாண்டினால் பின்பக்கத்து ஓட்டு வீட்டில் பேச்சாயி. வீட்டுச் சொந்தக்காரர் மதுரையில் இருந்தார். வெள்ளையடிக்கச் சொன்னால் மட்டும் அவருக்குக் காது கேட்காது.

பானு பதினாறு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் டீச்சராக இருந்தவள். கொரோனா வந்த வருஷம் அந்தப் பள்ளி ஆட்களைக் குறைத்தது. முதல் பட்டியலிலேயே அவள் பெயர் வந்துவிட்டது. கணவர் முனீருக்குத் தோல் வியாபாரம். வாரத்தில் நாலு நாள் ஈரோடு, ஆம்பூர் என்று போய்விடுவார். பிள்ளை இல்லை. இரண்டு மாதம் சும்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவளுக்குத் தோகாவிலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். செம்பட்டிப் பெண், கல்யாணமாகி அங்கே போனவள்.

"மிஸ், எம் மக தமிழ்மதிக்குத் தன் பேரையே தமிழ்ல எழுதத் தெரியல. நீங்க நெட்டுல சொல்லித் தருவீங்களா?"

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு குழந்தை நாலாயிற்று. நாலு இருபத்து மூன்றாயிற்று. காலை ஆறு மணிக்கு அமெரிக்காவில் இருக்கிற பிள்ளைகள். சாயங்காலம் ஐந்திலிருந்து ஏழு வரை துபாய், தோகா பிள்ளைகள். "நாக்கப் பாய் மாதிரி சுருட்டு. மேல கொண்டு போ. ஆனா தொட்டுறாத" என்று அவள் சொல்லிக் கொடுத்தால் மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை வாயில் 'வாழைப்பழம்' சுத்தமாக வந்து விழும். கடையில் விற்கிற புத்தகம் எதுவும் அந்தப் பிள்ளைகளுக்கு ஒத்துவரவில்லை. அவளே கைப்பட எழுதி, படம் வரைந்து, நூற்றுக்கு மேல் பாடங்கள் உண்டாக்கி வைத்திருந்தாள்.

இதற்காகத்தான் ஒச்சப்பனைக் கூப்பிட்டு நெட் போட்டது. இருபது வருஷமாக அந்தத் தெருக்களில் டிவி கேபிள் இழுத்துக்கொண்டிருந்த ஒச்சப்பன் இப்போது அதே ஏணியைத் தூக்கிக்கொண்டு நெட் ஒயர் இழுத்தார். அவர் பெட்டியை மாட்டிவிட்டுப் போன அன்று மாலையே பானு மற்ற இரண்டு வீட்டுக்கும் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டாள். தீபா பங்கு தருகிறேன் என்று வந்தபோது, "போடி, காத்துல போறதுக்குப் பங்கா?" என்று சிரித்து அனுப்பினாள்.

பேச்சாயிக்கு அந்த நெட் முக்கியமாக ஒரு காரியத்துக்கு வேண்டும். அவள் மகள் அங்காளம்மாள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். தினமும் நம் நேரத்துக்கு ஆறு மணிவாக்கில் அவளுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். பேச்சாயி அந்த நேரத்துக்குத் தலை சீவி, திருநீறு வைத்து, கல்யாணத்துக்குக் கிளம்பினவள் மாதிரி போன் முன்னால் உட்கார்ந்திருப்பாள். மற்ற நேரத்தில் அதே நெட்டில் டிவியில் ஏதாவது நாடகம் ஓடும். பதிலுக்கு அவள் வீட்டு முருங்கைக்காய் சொல்லாமலே பானுவின் அடுப்படிக்கு வந்துவிடும். "நம்ம பானு இல்லேன்னா எம் மக மொகத்த நான் எங்கிட்டுப் பாக்குறது?" என்று ரேஷன் கடை வரிசையில் நின்று சொல்வாள்.

தீபாவுக்கு முப்பத்து நாலு வயது. கணவன் மோகன்குமார் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை வேலை. காந்திகிராமத்தில் தமிழ் எம்.ஏ. படித்தவள், அதற்கு மேலும் படித்தவள். ஆனால் வேலை என்று எதுவும் அமையவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கிவந்து பானுவின் பாடங்களைப் புரட்டிப் பார்ப்பாள். "இந்த எடத்துல 'ஒரு ஊரில்' வேணாம் அக்கா, 'ஓர் ஊரில்'" என்று திருத்துவாள். பானு திருத்திக்கொள்வாள். தமிழைப் பற்றிப் பேச அந்தச் சந்தில் பானுவுக்கு வேறு யார் இருந்தார்கள்? கூடப்பிறந்த தங்கை மேல் வைப்பதைவிட அதிகமாகவே தீபாமேல் ஆசை வைத்திருந்தாள்.

இந்த வருஷம் ஜனவரியில் பானுவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் வகுப்பைத் தீபா எடுத்தாள். பானு தன் கம்ப்யூட்டரையே மாடிக்குக் கொடுத்து அனுப்பினாள். பாடங்கள், பெற்றோர்களின் நம்பர்கள், எந்தப் பிள்ளைக்கு எந்த எழுத்து தகராறு என்று குறித்து வைத்த நோட்டு, எல்லாம். நடுவில் ஒருநாள் நெட் நின்றுபோனது. வந்து சரிசெய்த ஒச்சப்பன், மாடிவீட்டுக்காரியும் வீட்டு ஆள்தானே என்று, பெட்டியைப் போனிலிருந்தே இயக்குகிற வசதியைத் தீபாவின் போனில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். அதை யாரும் பிறகு எடுக்கவில்லை. எடுக்க வேண்டும் என்று பானுவுக்குத் தோன்றவுமில்லை.

ஏப்ரலில் கோளாறு ஆரம்பித்தது.

சாயங்கால வகுப்பில் பானுவின் படம் உறைந்து நிற்கும். வாய் திறந்தபடி, ஒரு கை மேலே தூக்கியபடி நிற்கிற தன் முகத்தைத் திரையின் மூலையில் அவளே பார்ப்பாள். "மிஸ், கட் ஆகுது." "மிஸ், ரோபோ மாதிரிப் பேசுறீங்க." பிள்ளைகளுக்கு முதல் வாரம் அது வேடிக்கையாக இருந்தது. இரண்டாம் வாரம் பின்னால் அம்மாக்களின் குரல் கேட்டது. பானு கம்ப்யூட்டரை அறை அறையாகத் தூக்கிக்கொண்டு அலைந்தாள். போன் நெட்டில் எடுத்துப் பார்த்தாள். அந்தச் சந்துக்குள் சிக்னல் நிற்காது. கம்பெனிக்குப் போன் போட்டால், "உங்கள் இணைப்பு சீராக உள்ளது" என்றார்கள். காலையில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும் தண்ணீராக ஓடும். சாயங்காலம் ஐந்து மணி ஆனால் மென்னியைப் பிடிக்கும்.

மாடியிலிருந்து தீபா பணியாரம் சுட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். பானு அழுகிற மாதிரி இருந்தாள்.

"ஒச்சப்பன வரச் சொல்லி ஒருதரம் பாத்துரலாம்னு இருக்கேன் தீபா."

"அவரு வந்து என்னக்கா செய்வாரு? எனக்கு ஒண்ணு தோணுது. சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது." தீபா பின்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "பேச்சாயம்மா வீட்டுல டிவி ஓடிக்கிட்டே இருக்கு. ஆறு மணிக்கு வீடியோ கால் வேற. அதுதான் அம்புட்டையும் உறிஞ்சிருது."

"பாவம்டி, மகள்ட்ட பேசுறாங்க."

"பாவந்தான். அதுக்காக உங்க பொழப்பு கெடணுமா?"

"உனக்கும் சாயங்காலம் நெட் வேணுமேடி. உனக்கு இழுக்கலையா?"

"எனக்குப் பாடத்தக் கேக்குறதுதான அக்கா, பெருசா இழுக்காது." ஆசிரியர் தேர்வுக்கு ஆன்லைனில் படிப்பதாகத் தீபா சொல்லியிருந்தாள். அதனால்தான் தினமும் சாயங்காலம் கதவைச் சாத்திக்கொண்டு சத்தம்போட்டுப் படிப்பதாக. அந்தத் தேர்வில் அவள் தேற வேண்டும் என்று பானு தொழுகையில் துஆ கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றிவிடு என்று தீபாவிடமே பானு சொன்னாள். தீபா அங்கே நின்றபடியே போனில் மாற்றினாள். பேச்சாயியிடம் பானு, "கம்பெனியில ஒரு வீட்டுக்கு மேல விடக்கூடாதுன்னு கண்டிச்சுட்டாங்க பேச்சாயம்மா" என்றாள். பேச்சாயி ஒருதரம் மாடியை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா தாயி, சரி" என்று போய்விட்டாள். முருங்கைக்காய் வருவது நின்றது.

நெட் சரியாகவில்லை. சாயங்காலப் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒரு மாதத்தில் பதினாலு பேர். எல்லா அம்மாக்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி எழுதினார்கள்: பிள்ளைக்கு நேரம் ஒத்துவரவில்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் மிஸ். உடம்பை ஏன் இவர்கள் கேட்கிறார்கள் என்று பானுவுக்கு ஒரு கணம் தோன்றியது. விட்டுவிட்டாள். கடைசியில் தமிழ்மதியும் போனாள். அன்றைக்குத் தீபா வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். "விடுங்க அக்கா. இம்புட்டு நாள் ஓடுனதே பெருசு. கொஞ்சம் ஓய்வா இருங்க" என்றாள்.

பக்ரீத் அன்று பானு இரண்டு தூக்குப் போசியில் பிரியாணி எடுத்து வைத்தாள். மாடிக்குப் போனதைத் தீபா அங்கேயே திறந்து சாப்பிட்டு ருசி சொன்னாள். பின்வீட்டுக்குப் போனது திரும்பி வந்தது. "வயித்துக்குச் சேரல தாயி" என்று பேச்சாயி வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டாள். அதை நினைத்துக்கொண்டு பானு சாப்பிடாமல் இருந்த நேரத்தில் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. தமிழ்மதி.

"ஈத் முபாரக் பானு மிஸ். நான் இப்ப கதை எல்லாம் படிக்கிறேன். தீபா மிஸ் கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட். மிஸ், உங்க வீட்டுல கேக்குற பள்ளிவாசல் பாங்கு சத்தம் தீபா மிஸ் வீட்டுலயும் கேக்குது. பாங்கு கேக்குறப்ப நீங்க கொஞ்ச நேரம் ஸ்டாப் பண்ணுவீங்கள்ல, அவங்க பண்ண மாட்டாங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே வீடா மிஸ்?"

பானு அதை மூன்று தடவை கேட்டாள். மூன்றாவது தடவைதான் 'தீபா மிஸ் கிளாஸ்' என்பது காதில் ஏறியது.

அவள் தமிழ்மதியின் அம்மாவுக்குப் போன் போட்டாள். பண்டிகை வாழ்த்து என்று நினைத்து அந்தப் பெண் சந்தோஷமாக எடுத்தாள்.

"ஏம்மா, தமிழ்மதி தீபாட்டயா படிக்குது?"

"ஆமா மிஸ். உங்களுக்குத் தெரியும்தானே? ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களுக்கு முடியல, குரலே வர மாட்டேங்குது, நீங்களே பிள்ளைகளக் கொஞ்சம் கொஞ்சமா அவங்ககிட்ட அனுப்பச் சொல்லிட்டீங்கன்னு தீபா மிஸ் சொன்னாங்க. உங்ககிட்ட நேரா கேட்டா நீங்க மனசு சங்கடப்படுவீங்க, கேக்க வேணாம்னாங்க." பிறகு மெதுவாக, "வகுப்புல நீங்க விட்டு விட்டுப் பேசுனீங்களா, நாங்களும் அப்படித்தான் போலன்னு..." என்றாள்.

"எனக்கு ஒண்ணுமில்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பானு போனை வைத்தாள்.

அன்று முழுக்க அவள் தனக்குள்ளேயே தீபாவுக்கு வக்கீல் வைத்துப் பார்த்தாள். பிள்ளைகள் போனது போனதுதான். நெட் நின்றது, அதனால் போனார்கள். போகிற பிள்ளைகளைத் தீபா பிடித்துக்கொண்டாள். அது தப்பு. சொல்லாமல் செய்தது அதைவிடத் தப்பு. ஆனாலும் ஆசைப்பட்ட ஒரு பெண் செய்கிற தப்புதான் என்று ஒரு மூலையில் மனசு சமாதானம் தேடியது. மறுநாள் பத்து மணிக்கு ஒச்சப்பனை வரச் சொன்னாள். தீபா வேண்டாம் என்ற அதே ஒச்சப்பனை.

அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போனில் எதையோ திறந்து நெற்றியைச் சுருக்கினார்.

"டீச்சர், உங்க வீட்டுல சின்னப் பிள்ளைக யாரும் இருக்காகளா?"

"இல்லையே. ஏன்?"

"இதுல ஒரு வசதி இருக்கு. பிள்ளைக சதா நெட்டே கதின்னு கெடக்கக் கூடாதுன்னு, இன்ன நேரத்துலருந்து இன்ன நேரம் வரைக்கும் அதுக கையில இருக்குறதுக்கு மட்டும் வேகத்தக் கொறைச்சு வைக்கலாம். அந்தப் பிள்ளைக பட்டியல்ல உங்க கம்ப்யூட்டர் கெடக்கு." போனைத் திருப்பிக் காட்டினார். "சாயங்காலம் அஞ்சுலருந்து ஏழு. திங்கள்லருந்து வெள்ளி. ஏப்ரல் ரெண்டாந்தேதி போட்ருக்கு. இன்னொரு கம்ப்யூட்டருக்கு மட்டும் வேகத்த முன்னால விடச் சொல்லியிருக்கு. பேரு, தீபா."

"பின்வீட்டு டிவி?"

"அந்த டிவியா? அது இழுக்குறது ஒரு பேச்சா டீச்சர்? இதுல பத்து டிவி ஓடும்."

பானு சேரில் உட்கார்ந்தாள். ஒச்சப்பனுக்கு விஷயம் பாதி புரிந்துவிட்டது. கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, தீபாவின் போனிலிருந்த உரிமையையும் நீக்கிவிட்டு, தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

ஏப்ரல் இரண்டாம் தேதி. பணியாரம் வந்தது அதற்கு அடுத்த வாரம். முதுகைத் தடவினது அதற்கும் அடுத்த மாதம். பானு தேதிகளை ஒன்றன் கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். அவள் பதறிக்கொண்டு கம்ப்யூட்டரும் கையுமாக அறை அறையாக அலைந்த நேரத்தில், நேர் மேலே, அவளுடைய பிள்ளைகளுக்கு அவளுடைய பாடம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அவளுடைய நெட்டில்.

சாயங்காலம் ஐந்தரைக்கு மாடிப்படி ஏறினாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே தீபாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "நாக்கப் பாய் மாதிரி சுருட்டணும். மேல கொண்டு போங்க. ஆனா தொட்டுறக் கூடாது." ஏதோ ஒரு பிள்ளை "வாளைப்பளம்" என்றது. மற்ற பிள்ளைகள் சிரித்தன. அந்தக் குரல்களில் நாலைந்தைப் பானுவால் பெயர் சொல்ல முடிந்தது.

கதவைத் தட்டக் கையைத் தூக்கினவள் தட்டவில்லை. பிள்ளைகள் முன்னால் வேண்டாம். படியில் உட்கார்ந்துகொண்டாள். வெயில் தாழ்ந்தும் படியின் சூடு இறங்கவில்லை. அரைமணி நேரம் தன் பாடத்தைத் தானே கேட்டுக்கொண்டு அங்கேயே இருந்தாள். தீபா நன்றாகத்தான் நடத்தினாள். அதுதான் நெஞ்சில் இன்னும் குத்தியது.

ஆறு மணிக்குக் கதவு திறந்தது. தீபா கையில் காலி டம்ளரோடு நின்றாள்.

"அக்கா! எப்ப வந்தீங்க? உள்ள வாங்க..." முகத்தைப் பார்த்துவிட்டாள். குரல் இறங்கியது. "காப்பி போடவா?"

"எங் கம்ப்யூட்டரச் சின்னப் பிள்ளைக பட்டியல்ல போட்டது நீதானா?"

தீபா டம்ளரை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"தீபா."

"ஆமா."

மறுப்பாள், அழுவாள், சண்டை போடுவாள் என்றெல்லாம் பானு நினைத்திருந்தாள்.

"எதுக்குடி?"

"நானும் நாலு பிள்ளைகள வச்சு ஆரம்பிச்சேன், ரெண்டு வகுப்பும் ஒரே நேரம். ரெண்டும் திக்கிரும்னு நினைச்சேன். ஏதாச்சும் ஒண்ணு நல்லா ஓடணும்ல."

"ஒண்ணு ஓடணும்னா என்னுதையா நிறுத்துவ? என் வீட்டு நெட்டுடி அது."

"தெரியும்." தீபாவின் கழுத்து நரம்பு தெரிந்தது. "ஆஸ்பத்திரியிலருந்து வந்த அன்னைக்கு பெத்தவங்க வாட்ஸ்ஆப் குரூப்புல நீங்க என்ன எழுதுனீங்கன்னு ஞாபகம் இருக்கா அக்கா? 'எனக்கு ஒத்தாசையா இருந்த மாடி வீட்டுப் பொண்ணுக்கு நன்றி.' மாடி வீட்டுப் பொண்ணு. எம் பேருகூட இல்ல. பத்து நாள் நான் நடத்துனேன். எம் படிப்பு என்னன்னு ஒரு வார்த்தை போட்டீங்களா? உங்களுக்கு நான் இலக்கணம் திருத்திக் குடுக்குறவ. அம்புட்டுத்தான்."

பானுவுக்கு அது ஞாபகம் இருந்தது. படுத்த படுக்கையில் தட்டின வரி. அன்பாகத்தான் எழுதினாள்.

"அது ஒனக்கு வலிச்சிருந்தா எம் மூஞ்சிக்கு நேரா கேட்டிருக்கணும். எனக்கு ஒடம்பு முடியலன்னு பிள்ளைக வீட்டுக்கெல்லாம் பொய் சொல்லுவியா? கேட்டிருந்தா பாதிப் பிள்ளைகள நானே உனக்குத் தந்திருப்பேனே."

"தந்திருப்பீங்களா?"

பானு வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்ல வந்தது. வரவில்லை. பாதிப் பிள்ளைகளைத் தூக்கிக் கொடுத்திருப்பாளா? தெரியவில்லை. அந்தச் சந்தேகத்தையும் தீபாவே தனக்குள் விதைத்துவிட்டாள் என்று கோபம் வந்தது.

"சரி. பேச்சாயம்மா பேர எதுக்குச் சொன்ன?"

அப்போதுதான் தீபா முதல்முறையாகத் தலையைக் குனிந்தாள். "நீங்க ஒச்சப்பன வரச் சொல்லப் போறேன்னீங்க. நான் வேற யாரு பேரச் சொல்றது?"

பானு படியிறங்கி வந்துவிட்டாள். வீட்டுக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது ஆறு மணி வகுப்புக்கு மேலே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. நடந்தது நடந்துவிட்டது, பாடம் நிற்கக் கூடாது என்கிற மாதிரி தீபா ஆரம்பித்துவிட்டாள். "வணக்கம் குழந்தைகளா, எல்லாரும் தண்ணி குடிச்சீங்களா?" அந்த வாக்கியமும் பானுவினுடையதுதான்.

பானு எழுந்துபோய்ப் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து உருவினாள்.

நாற்காலி மறுபடி நகர்ந்தது. பிறகு மேலேயிருந்து, "ஹலோ... கேக்குதா? குழந்தைகளா, நான் பேசுறது கேக்குதா?" என்று வந்தது. இரண்டு மாதமாகப் பானு தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தைகள். அதைக் கேட்டால் நெஞ்சு குளிரும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. வயரைக் கையில் பிடித்தபடி சுவரில் சாய்ந்து அழுதாள்.

இரவு முனீர் ஈரோட்டிலிருந்து போனில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஊருக்கே தெரியுற மாதிரி அந்தக் குரூப்புல எழுதிப் போடு" என்றார். பானு எழுதினாள். நீளமாக எழுதினாள், அழித்தாள். கடைசியில் மூன்று வரி மட்டும் அனுப்பினாள்: எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நான் யாரையும் வேறு இடத்துக்கு அனுப்பவில்லை. என் வகுப்பு வழக்கம்போல் நடக்கும்.

போன பதினாலு பேரில் ஐந்து பேர் திரும்பி வந்தார்கள். தமிழ்மதி வரவில்லை. "பிள்ளை தீபா மிஸ்ஸோட ஒட்டிக்கிச்சு மிஸ். இப்ப மாத்துனா அழுவா. நீங்க தப்பா நினைக்க மாட்டீங்கன்னு..." என்று அவள் அம்மா இழுத்தாள். தான் கைபிடித்து எழுத வைத்த பெண். பானு, "இல்லம்மா, நினைக்கல" என்றாள்.

நாலாம் நாள் ஒச்சப்பன் மறுபடி ஏணியோடு வந்தார். தீபா தனியாக இணைப்புக் கேட்டிருந்தாள். மின்கம்பத்திலிருந்து மாடிக்கு ஒயர் போக வேண்டுமானால் பானுவின் ஜன்னல் மேல்தான் போக வேண்டும். அவர் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று, "டீச்சர், உங்க சுவத்துல ரெண்டே ரெண்டு கிளிப் அடிச்சுக்கிறட்டுமா?" என்றார்.

"வேணாம்."

"சுத்திக் கொண்டுபோகணும்னா ரொம்ப ஒயர்..."

"சுத்தியே கொண்டு போங்க."

அவர் பின்பக்கமாகச் சுற்றி, துவைக்கிற கல்லுக்கு மேலே இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். அதற்கப்புறம் பானுவும் தீபாவும் படியடியில் எதிர்ப்பட்டால் ஒருத்தி நின்றுகொண்டு மற்றவளுக்கு வழிவிடுவாள். யார் நிற்பது என்பது மட்டும் அன்றன்றைக்கு மாறும்.

பேச்சாயியிடம் போகப் பானுவுக்கு ஒரு வாரம் ஆனது. தீபாவிடம் ஏறிப்போனதைவிட அந்த இருபதடி தூரம் நடப்பது கஷ்டமாக இருந்தது. புதிய பாஸ்வேர்டை ஒரு தாளில் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போனாள். பேச்சாயி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பேச்சாயம்மா, நான் அன்னைக்குச் சொன்னது பொய். கம்பெனியில எதுவும் சொல்லல. உங்க டிவியாலதான் எனக்கு நெட்டு நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டேன். உங்களால இல்ல. என்னைய மன்னிச்சுருங்க."

பேச்சாயி கீரையிலிருந்து கையை எடுக்கவில்லை. "தெரியும் தாயி, பொய்யின்னு. மாடியில மட்டும் ஓடுச்சுல்ல. அந்தப் பிள்ள பாடம் நடத்துற சத்தம் எனக்குக் கேக்காதா?"

"கேட்டுச்சா? அப்ப ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ எங்க என்னையக் கேட்ட?"

அவள் குரலில் கோபம் இல்லை. பானு தாளை நீட்டினாள். பேச்சாயி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள், ஆனால் அதை வாங்கவில்லை.

"வேணாம்மா. நான் போனுக்குக் காசு போட்டுக்கிட்டேன். தெருமொனையில ஆட்டோ ஸ்டாண்டுக்கிட்ட நின்னா நல்லா வருது. அங்கனயே நின்னு பேசிட்டு வாரேன்."

"ரோட்டுல நின்னா? இந்தப் புழுதியிலயா?"

"பழகிருச்சு."

பானு தாளை வீட்டுக்கு எடுத்துவந்தாள். அடுத்த வாரமும் போனாள். அதற்கடுத்த வாரமும். மூன்றாவது தடவை போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. அதனால் பேச்சாயி தெருமுனைக்குப் போகாமல் ஓட்டுக்கடியிலேயே நின்று, கிடைக்கிற சிக்னலில் போனை உயர்த்திப் பிடித்துக் கத்திப் பேசிக்கொண்டிருந்தாள். தலை சீவி, திருநீறு வைத்திருந்தாள். திரையில் அங்காளம்மாளின் முகம் கட்டம் கட்டமாக உடைந்து உடைந்து சேர்ந்தது. பானு குடையோடு துவைக்கிற கல்லோரம் நின்றாள். பேச்சாயி அவளைப் பார்த்தாள்.

"யாரும்மா அங்கன? யாரோ நிக்குறாக போல" என்று போனுக்குள்ளிருந்து மகள் கேட்டாள்.

"யாருமில்லத்தா" என்றாள் பேச்சாயி. "முன்வீட்டு டீச்சரு. நீ சொல்லு, சாப்ட்டியா?"